கேஸை வாபஸ் வாங்கினால் அமைதி வந்துவிடுமா?

வாசகர் கடிதம்: "வணக்கம் மேடம். வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நலச்சங்கச் செயலாளராக இருக்கிறேன். இங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. போன வருஷம் பிள்ளையார் ஊர்வலம் பள்ளிவாசல் தெருவில் போகும்போது தகராறாகி, கல்வீச்சு நடந்து, இரண்டு பைக்கைக் கொளுத்திவிட்டார்கள். எங்கள் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அந்தப் பக்கம் ஒரு பையனுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. இரண்டு தரப்பு மேலும் கேஸ். ஸ்டேஷனில் பீஸ் கமிட்டி வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லை, பேச்சும் இல்லை. எதிர் பிளாக் பாய் கடையில் எங்கள் ஆட்கள் சாமான் வாங்குவதில்லை. வருஷக்கணக்காக என்னோடு டீ குடித்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். மறுபடி சதுர்த்தி வருகிறது. பையன்கள் 'அதே ரூட்தான்' என்கிறார்கள். பெரியவர்கள், 'ரெண்டு பக்கமும் கேஸை வாபஸ் வாங்கி ராஜியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். வேறு சிலர், 'இவங்களுக்கும் நமக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது' என்கிறார்கள். பைக் எரிந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறது. நான் என்ன செய்யலாம்?"

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கேஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி சட்டப்படி நடக்காது, மீதிப் பாதி நடக்கக் கூடாது.

நடக்காது என்பது ஏன் என்றால், எல்லாக் குற்றத்தையும் பாதிக்கப்பட்டவர் மனது வைத்து முடித்துவிட முடியாது. சாதாரண அடி, தனிமனிதரின் பொருளுக்குச் சேதம் போன்றவற்றில் சம்பந்தப்பட்டவரே சமாதானமாகிப் போக சட்டம் இடம் தருகிறது. கலகம் செய்தது, மதங்களுக்கு இடையே பகை மூட்டியது (புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153ஏ) ஆகியவற்றில் அப்படி இல்லை. அதில் வாதி அரசு. நீங்களும் ஜமாத் தலைவரும் கைகுலுக்கிக்கொண்டு போய் நின்றாலும் மாஜிஸ்திரேட் கேஸை மூட மாட்டார். இரண்டு தரப்பும் சேர்ந்து ரத்து செய்யக் கேட்க வேண்டுமென்றால் ஹைகோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கேயும் தனிப்பட்ட சண்டையா, ஊரின் அமைதியைக் கெடுத்த குற்றமா என்று நீதிபதி முதலில் பார்ப்பார். கண்ணில் கல் பட்ட கேஸை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்பது குற்றப்பத்திரிகையைப் பார்த்தால்தான் தெரியும். ஆயுதத்தால் கொடுங்காயம் என்று போட்டிருந்தால் அதுவும் ராஜிக்கு அடங்காது.

நடக்கக் கூடாது என்பது வேறு காரணத்துக்காக. அமைதி வேண்டும் என்பது குடியிருப்பில் இருக்கும் எல்லோருடைய தேவை. அதற்கான விலையை மட்டும் கண் பார்வை குறைந்த பையன் ஒருத்தன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அவன் 'சரி' என்று சொன்னாலும், எப்படிச் சொல்வான் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, 'தம்பி, உன்னாலதான் ஊரே நிம்மதியில்லாம இருக்கு' என்று சொன்னால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? மண்டை உடைந்த உங்கள் பையனுக்கும் இதேதான். சமரச அறையில் இப்படி வாங்கிய கையெழுத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போட்டவன் அதை மறப்பதே இல்லை. அடுத்த தகராறு பெரும்பாலும் அவன் வீட்டுத் திண்ணையில்தான் ஆரம்பிக்கும்.

அதனால் என் யோசனை, கேஸை அமைதிப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். அது கோர்ட்டில் தன்பாட்டுக்கு நடக்கட்டும். ஒன்றே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது கோர்ட்டில் நாங்கள் 'கேஸ் - கவுன்ட்டர்' என்று சொல்லும் வகை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்பும் புகார் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும், ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது முறை. ஒரே அதிகாரி என்பது தமிழ்நாடு காவல் நிலையாணையிலேயே (போலீஸ் நடைமுறை விதிகள்) இருக்கிறது. ஒன்றை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் ஓட்டினால், அந்த ஓட்டமே புதுப் புகைச்சலைக் கிளப்பும். இரண்டு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டு இதைக் கேட்கலாம். ராஜி ஆகாமலே இரு தரப்பும் சேர்ந்து செய்யக்கூடிய முதல் காரியம் இதுவாகவே இருக்கட்டும்.

காயம்பட்ட இரண்டு பையன்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனு போடுங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை, வக்கீலும் இலவசம். பைக் எரிந்தவர்களிடம் ஆர்.சி. புக்கோடு இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்து வரச் சொல்லுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி என்றால் கலவரச் சேதம் அதில் அடக்கம். எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், கம்பெனிக்குத் தகவலும் போயிருக்க வேண்டும். தாமதத்தைக் காரணம் காட்டுவார்கள். இருந்தாலும் எழுதிக் கேளுங்கள். அப்புறம், கேஸில் இருக்கும் பையன்கள் யாராவது போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ விண்ணப்பித்தால், கேஸை மறைக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிவையுங்கள். விடுதலையான கேஸைக் கூட மறைத்ததால் வேலை போனவர்கள் உண்டு.

இனி அந்த பீஸ் கமிட்டி. ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட், முன்கூட்டியே எழுதிவைத்த வெள்ளைத்தாள், கடைசியில் ஒரு போட்டோ. இன்ஸ்பெக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி இன்னொரு பைக் எரியாமல் பார்ப்பது அவர் வேலை, அதை அவர் செய்தார். ஆனால் அந்தத் தாளுக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. நிர்வாக நடுவர் முன் எழுதிக்கொடுக்கும் பத்திரம் வேறு. வடசென்னையில் 'ஒன் நாட் செவன்' என்று சொல்வார்களே, அது. 2024 ஜூலை 1-லிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126-வது பிரிவு, ஆனாலும் ஸ்டேஷனில் இன்னும் பழைய நம்பர்தான். அந்தப் பத்திரம் அதிகபட்சம் ஒரு வருஷத்துக்கு. மீறினால் பிணைத்தொகை பறிபோகும், உள்ளே போகவும் நேரலாம். உங்கள் பையன்களில் யாராவது அப்படி எழுதிக்கொடுத்திருந்தால் தேதி என்ன, எப்போது முடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் குறையாகப் படுவது வேறு. யார் யார் வந்திருந்தார்கள்? வழக்கம்போல சங்கத் தலைவர், ஜமாத் தலைவர், வட்டச் செயலாளர், கோயில் தர்மகர்த்தா என்றுதான் இருந்திருக்கும். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கல் எறிந்தவனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். அவனிடம் யாரும் கையெழுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள், அவன் பேச்சை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் பிவண்டி என்றொரு தறி நெசவு ஊர். 1970-லும் 1984-லும் அங்கே பயங்கரமான இந்து - முஸ்லிம் கலவரங்கள் நடந்தன. 1988-ல் அங்கே துணை கமிஷனராகப் போன சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி, தெருவுக்குத் தெரு மொஹல்லா (பேட்டை) கமிட்டி அமைத்தார். பிரமுகர்களை அழைக்கவில்லை. தறி ஓட்டுகிறவர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று சாதாரண ஆட்களை உட்கார வைத்தார். சண்டை வந்த பிறகு கூடவில்லை, சண்டை இல்லாத நாட்களில் கூடினார்கள். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்பதையெல்லாம் பேசினார்கள். பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பக்கத்திலேயே பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. அந்த ஊர் மக்கள் ஒருவரை ஒருவர் திடீரென்று நேசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வதந்தி வந்தால் யாரிடம் கேட்பது என்று ஒவ்வொரு தெருவிலும் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நல்லிணக்க விழா நடத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று மதப் பெரியவர்கள் மேடையில் கைகோத்து நிற்க, புறா பறக்கவிடுவது. வேண்டாம் என்று சொல்லவில்லை, செலவு உங்களுடையது. 2015 வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டார்கள். உண்மை, மறக்கக் கூடாத விஷயம். ஆனால் அதை மைக்கில் நினைவூட்டினால் ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. உங்கள் தகராறு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கட்டிப் பன்னிரண்டு வருஷம் போல ஆன நேரத்தில், 1652-ல், மதராஸில் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளுக்குள் அடிதடி. எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம், யாருடைய பிணம் போகலாம் என்பதுதான் விவகாரம். 1707-ல் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் மறுபடியும் அதே தகராறு. கோபித்துக்கொண்டு வலங்கைக்காரர்கள் பலர் சாந்தோமில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஆங்கிலேயக் கம்பெனி வியாபாரம் படுத்தது. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். இன்று பாரிமுனைப் பக்கம் போகிற எத்தனை பேருக்கு வலங்கை என்றால் என்ன, இடங்கை என்றால் என்ன என்று தெரியும்?

'எந்தக் காலத்திலும் ஆகாது' என்று சொல்கிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் வெடித்து குடிசைகள் எரிந்தன. அப்போது சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பக்கம், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்கள் எதிர்ப்பக்கம். யார் யாருக்குப் பகை என்பது நூறு வருஷத்துக்குள் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். பரம்பரைப் பகை என்று ஒன்று இருந்திருந்தால் அந்தக் கோடு இவ்வளவு சுலபமாக இடம் மாறியிருக்காது.

சரி, உங்கள் ரூட்டுக்கு வருவோம். இரண்டு தரப்புக்கும் சட்டம் சொல்வதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஜமாத்தாருக்கு: 'எங்கள் தெரு, வரக் கூடாது' என்று சொல்ல முடியாது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கில் 2021-ல் சென்னை ஹைகோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு இடத்தில் ஒரு மதத்தவர் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தவரின் ஊர்வலத்தைத் தடுக்கக் கூடாது. ரோடு எல்லோருக்கும் பொது.

பையன்களுக்கு: போகிற உரிமை இருக்கிறது. எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக, எவ்வளவு சத்தத்தோடு என்பதை முறைப்படுத்தும் அதிகாரம் போலீஸுக்கும் இருக்கிறது. சென்னை மாநகர காவல் சட்டம் 1888-லிருந்து அமலில் இருக்கிறது. அதன் 41-வது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. 1990-களில் திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் மசூதி வழியாக ஊர்வலம் போவதில் எழுந்த தகராறு எவ்வளவு தூரம் போனது என்று உங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர்வலம் போகும் உரிமை வேறு, பள்ளிவாசல் வாசலில் வண்டியை நிறுத்தி கால் மணி நேரம் டான்ஸ் ஆடும் உரிமை வேறு. இரண்டாவதை எந்தக் கோர்ட்டும் கொடுக்கவில்லை.

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே உட்காருங்கள். ஸ்டேஷன் வேண்டாம், கோயிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம். உங்கள் குடியிருப்பில் ரேஷன் கடையோ பால்வாடியோ இருந்தால் அங்கே. தரப்புக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது இருபத்தைந்து வயதுக்குக் கீழே, இரண்டு பேர் பெண்கள். 'நாம் எல்லோரும் ஒன்று' என்று ஆரம்பிக்காதீர்கள். யாரும் நம்ப மாட்டார்கள். தெருவின் படத்தை ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து நடுவில் வையுங்கள். பேச்சு அந்தப் படத்தின் மேலேயே நடக்கட்டும்.

என்னென்ன பேசுவது? வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும். மஃரிப் தொழுகை சூரியன் மறைந்ததும் வரும், சதுர்த்தி சமயத்தில் சென்னையில் ஆறேகாலை ஒட்டி. அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம்களில் ஷாஃபி, ஹனஃபி என்று இரண்டு வழிமுறைகள் உண்டு. ஷாஃபி ஜமாத்தில் ஒரு நேரம், ஹனஃபி ஜமாத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி. உங்கள் பள்ளிவாசல் இதில் எந்த வழிமுறை என்று பக்கத்து பிளாக்கில் இத்தனை வருஷம் இருந்தும் உங்களுக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். கேட்பதே ஒரு நல்ல ஆரம்பம். காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ கரைக்க ஒதுக்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், இரண்டு தொழுகைக்கும் நடுவில் அந்தத் தெருவைக் கடக்க முடியுமா என்று தெரிந்துவிடும். எந்த லைட் கம்பத்திலிருந்து எந்த லைட் கம்பம் வரை மேளம் நிற்கும், வண்டி நிற்காமல் போகும் என்று சார்ட்டில் குறியுங்கள். மேளம் யாருடையது? வெளியூர் செட் என்றால் அவர்களுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. அவர்களோடு நடந்து வந்து கையைக் காட்டி நிறுத்துகிறவர் யார் என்று பெயர் எழுதுங்கள். பள்ளிவாசல் கேட்டில் அந்த நேரத்தில் யார் நிற்பார்கள் என்று அவர்கள் பெயர் எழுதட்டும். வெளி ஏரியா ஆட்கள் எத்தனை பேர் வரலாம், கோஷம் என்னென்ன, குடித்துவிட்டு வருகிறவனை யார் வெளியே அனுப்புவது. கடைசி விஷயத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே எடுத்துவிடுங்கள்.

சிலை வைப்பதற்கே பிற வழிபாட்டுத் தலத்துக்கு அருகில் கூடாது, பீடத்தோடு பத்தடிக்கு மேல் கூடாது, கூம்பு ஸ்பீக்கர் கூடாது என்று போலீஸ் நிபந்தனை இருக்கிறது. அதையே மறுபடி பேசி நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கமாகவே இருந்தால் நிற்காது. மீலாது நபி ஊர்வலம் கோயில் வழியாகப் போகும்போது என்ன என்பதும் அதே தாளில் வர வேண்டும். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் சதுர்த்தியும் மீலாதும் பத்து நாள் இடைவெளிக்குள் வந்தன. அப்படி வரும் வருஷங்களில் இரண்டையும் ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம். பேசி முடித்ததை இன்ஸ்பெக்டரிடம் ஒரு நகல் கொடுத்து, அனுமதி உத்தரவில் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் உங்கள் தாளுக்குக் கொஞ்சம் பல் முளைக்கும்.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பேர் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய வீடியோ சுற்ற ஆரம்பித்தால் குரூப்பில் வாதம் செய்யாமல் போன் அடித்துக் கேட்க வேண்டும். வெறுப்பைத் தூண்டும் பேச்சு என்றால் யாரும் புகார் தரக் காத்திராமல் போலீஸே கேஸ் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. தேவைப்பட்டால் அதை நினைவூட்டுங்கள். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவையில் 1997 நவம்பர் 29 அன்று ஒரு காவலர் கொலையில் ஆரம்பித்தது, பிறகு கலவரம், பிறகு 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர். நடுவில் இருந்தது இரண்டரை மாதம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் 'அவங்கதான் முதல்ல' என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள்.

பாய் கடை விஷயத்தில் சங்கம் தீர்மானம் போட்டு யாரையும் சாமான் வாங்க வைக்க முடியாது. நீங்கள் வாங்கலாம். செயலாளர் பை தூக்கிக்கொண்டு போவதை நான்கு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் ஏதாவது சொல்லவும் செய்வார்கள், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் தலையைக் குனிந்துகொண்டு போவது கோபத்தால் என்று நினைக்கிறீர்கள் போல. இருக்கலாம். உங்களோடு டீ குடித்தால் அவருடைய பக்கத்தில் அவரை என்ன சொல்வார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். கடைத்தெருவில் வைத்துக் கூப்பிடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்.

கிளம்பப் பார்க்கும் குடும்பத்தின் விஷயம் இவை எல்லாவற்றையும்விட அவசரம். இந்த வாரமே போய்ப் பாருங்கள். முதலில் அவர்கள் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரியம் ஒதுக்கிய வீட்டுக்குக் கிரயப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதை விற்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து வாங்குகிற முன்பணத்துக்காக, வீடும் போய், வேறு இடத்தில் ஒதுக்கீடு கேட்கும் வழியும் அடைபடும். இப்படிப் பயந்து கிளம்புகிறவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்கென்றே புரோக்கர்கள் சுற்றுவார்கள். அந்த ஆள் உங்கள் பிளாக்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், விசாரியுங்கள். எல்லாம் கேட்ட பிறகும் போகத்தான் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தால், தடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் மனுவையும் சாட்சி சம்மனுக்கான புது விலாசத்தையும் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேஸில் அவர்கள் சாட்சி. சம்மன் பழைய வீட்டுக்கு வந்து திரும்பினால், சாட்சி சொல்ல ஆளில்லாமல் அந்தக் கேஸ் ஒன்றுமில்லாமல் போய்விடும்.